காணாமல் போன மலையாளிகள்

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் எங்கள் வாசகர் வட்டம் ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூடும். அந்த ஞாயிறு காலை பதினொரு மணிக்கே நான் கழிப்பறைக்கு ஓடத் தொடங்கிவிட்டேன்.

ஐம்பது வயதில் பிரெஞ்சு கற்றுக்கொண்டவனுக்கு வரும் திமிர் எனக்கும் வந்திருந்தது. கடிதங்களாலேயே ஆன ஒரு பழைய பிரெஞ்சு நாவலைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். கப்பலில் புதுச்சேரிக்கு வந்திறங்கிய அதிகாரியின் மனைவி, பாரிஸில் இருக்கும் தங்கைக்கு எழுதுகிறாள். வெயில், கொசு, வேலைக்காரர்கள், எல்லாவற்றின் மீதும் புகார். கடிதத்துக்குக் கடிதம் ‘மலபார்’ என்று ஒரு சொல் வந்தது. மலபார் என்றால் கேரளம்; இதற்கு அகராதி எதற்கு? ‘மலையாளி’ என்று போட்டுவிட்டேன். “மலையாளிச் சமையல்காரன் எதற்கும் தலையை ஆட்டுகிறான். ஆம் என்கிறானா, இல்லை என்கிறானா, கடவுளுக்கே வெளிச்சம்.”

எங்கள் எதிர் ஃப்ளாட்காரர் கண்ணூர் மலையாளி. விடுவேனா? மூன்று மாதமாக லிஃப்டில் மாட்டும்போதெல்லாம் ஒரு வரி எடுத்துவிட்டேன். “உங்க ஆளுங்க அப்பவே அப்படித்தானாம் சார்!” பாவம், நான்காவது மாடி வரை சிரித்துக்கொண்டே வருவார். அன்றைய வாசிப்புக்கும் அவரை நானே வலியப் போய் அழைத்திருந்தேன்.

காலையில் ஒத்திகையாக மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் புதுச்சேரியில் பிறந்து வளர்ந்தவள். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“பாண்டியில ஏதுங்க இவ்ளோ மலையாளி?”

“மலபார்னு போட்டிருக்கே.”

“அந்தக் காலத்துல வெள்ளைக்காரன் எங்க ஊர்த் தமிழாளுங்களைத்தான் மலபார்னு சொல்லுவான். அந்தச் சமையக்காரரு நம்மாளுங்க!”

இரண்டு முறை கழிப்பறைக்குப் போய் வந்தேன். மூன்றாவது முறை அங்கேயே உட்கார்ந்து யோசித்ததில் ஒரு வழி கிடைத்தது. எல்லா மலையாளிகளையும் பேனாவால் அடித்து ‘உள்ளூர்க்காரர்’ ஆக்கினேன். யாருக்குத் தெரியப்போகிறது?

மெட்ரோவில் எதிர் ஃப்ளாட்காரர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தார். காய்ச்சல் என்று சொல்லித் திரும்பிவிடலாமா என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எழுந்தேன். “நம்ம ஸ்டாப் இன்னும் வரல சாரே” என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

வாசித்து முடித்தேன். கைதட்டினார்கள். கேள்வி உண்டா என்றதும் முன்வரிசையில் அவர் கை எழுந்தது.

“எங்க ஆளுங்களைக் காணோமே சாரே? எல்லாரும் லீவுல ஊருக்குப் போயிட்டாங்களா?”

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பதற்றத்தில் உண்மை வந்துவிட்டது.

“மலபார்னா நாங்கதான் சார், தமிழாளுங்க. நான்தான் தப்பாப் போட்டுட்டேன். மூணு மாசமா எங்களையே கிண்டல் பண்ணிட்டிருந்திருக்கேன். மன்னிச்சிடுங்க.”

கூடமே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

வீடு திரும்பி லிஃப்டில் ஏறியதும் கேட்டேன். “கோவமா சார்?”

தலையை ஆட்டினார். ஆம் என்கிறாரா, இல்லை என்கிறாரா? முதல் மாடி, இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி. நான்காவதில் கதவு திறந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“மீதி லெட்டரையும் நாளைக்குக் கொண்டாங்க சாரே. இனிமே லிஃப்டுல நான் வாசிக்கிறேன்.”