பேச்சியின் வலக்கை

எங்கள் ஊரில் இன்று ஆறு பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. அவற்றுள் மூன்று, இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்தபின் முளைத்தவை. ஆமத்தூர்ப் பாதையில் தனிக் கிராமமாகக் கிடந்த ஊர், பட்டாசு ஆலைகளும் அச்சகங்களும் பெருகியதில் சிவகாசியின் புறநகராகிவிட்டது. சென்ற மாதம், ஆறில் மூத்த பள்ளியில் கணினி அறையைத் திறந்துவைத்த பிரமுகர் ஒருவர், "இந்தப் பள்ளி பிறந்த நாள்முதல் ஒரு பிள்ளையைக்கூட வாசலோடு திருப்பி அனுப்பியதில்லை" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். கூட்டம் கைதட்டியது. பொய்யைச் சொன்னவரைவிட, அதைக் கேட்டுக்கொண்டு வாய்மூடி அமர்ந்திருந்த என்மீதே எனக்குச் சினம் மிகுந்தது. எழுபதைக் கடந்தவள் நான். அந்த வாசலில் நடந்ததைக் கண்ணால் கண்டவள்.

அந்தப் பள்ளி பிடியரிசியில் எழுந்தது. வீடுதோறும் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் ஒதுக்குவார்கள். வெள்ளிக்கிழமைகளில் அதைத் திரட்டி விற்றுத்தான் சுவரும் ஓடும் வந்தன. திரட்டியவர் என் பெரியப்பா. தீப்பெட்டி ஆலையின் முதலாளி, பள்ளிக் குழுவின் தலைவர். விடியலில் நீறணிந்து பதிகம் ஓதாமல் பச்சைத் தண்ணீரும் அருந்தாதவர். அவர் ஓதக் கேட்டே நானும் ஓதக் கற்றேன். அந்த நன்றியை மறந்து இதை எழுதவில்லை.

அவருடைய ஆலையில் தீக்குச்சிகளைச் சட்டத்தில் அடுக்கும் பெண்கள் கீழத்தெருவில் வாழ்ந்தார்கள். முன்பு பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்த குடும்பங்கள். அந்தத் தெருவிலும் கலயங்கள் இருந்தன. கம்பங்கூழே அன்றாட உணவாக இருந்தவர்கள், என்றோ நெல்லுச்சோறு பொங்கும் நாளில் அதிலும் ஒரு பிடியைப் பள்ளிக்கென்று எடுத்துவைத்தார்கள். பேச்சியின் அம்மா அவர்களுள் ஒருவர். பேச்சிக்கு என் வயதுதான். அவள் அம்மா உள்ளே குச்சி அடுக்க, நாங்கள் இருவரும் ஆலைக் களத்தில் விளையாடிக்கொண்டிருப்போம்.

பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கும் விஜயதசமி வந்தது. பிறந்த தேதியை எழுதிவைக்கும் வழக்கம் அன்று பெரும்பாலும் இல்லை. ஆகவே வயதை அறிய ஒரு சோதனை உண்டு. பிள்ளை தன் வலக்கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக்காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து நிறைந்தது என்று பொருள்.

முதலில் என்னை நிறுத்தினார்கள். என் விரல்கள் காதுக்கு மேலே, எண்ணெய் வழியும் முடியிலேயே நின்றுவிட்டன. வாத்தியார் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தலையை மெல்லச் சாய்த்து, முழங்கையை ஒரு தள்ளுத் தள்ளினார்.

"தொட்டாச்சு, தொட்டாச்சு! பிள்ளை நல்லாப் படிக்கும்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்து, யாரிடமோ இரவல் வாங்கிய பாவாடையோடு பேச்சி வந்து நின்றாள். கையைத் தூக்கினாள். காது மடலை இறுகப் பற்றிக்கொண்டு, தலை அசையாமல் நின்றாள். வாத்தியார் மறுபடியும் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா கலைமகள் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எட்டலையே" என்றார் வாத்தியார்.

"நல்லாப் பாருங்க ஐயா. காதப் பிடிச்சுக்கிட்டுல்ல நிக்கா?" என்றார் பேச்சியின் அம்மா.

"தலையச் சாச்சுட்டா. அடுத்த வருசம் கூட்டிட்டு வா."

"எங்க வீட்டு அரிசி மட்டும் எட்டிருச்சாக்கும்?"

பெரியப்பா அப்போதுதான் திரும்பினார். "குடுத்தது புண்ணியம். அதச் சொல்லிக்காட்டலாமா புள்ள?"

குலம் கேளாமல் அடியாரைத் தழுவிக்கொண்ட இறைவனை, அன்று விடியலில் உருகி உருகிப் பாடிய வாய் அது. அரிசிக்குக் குலம் பார்க்காத பள்ளி, பிள்ளைக்குப் பார்த்தது.

ஆனால் அன்றைய நான் வாத்தியாரை முழுதாக நம்பினேன். மறுநாளே களத்தில் ஒரு பள்ளி தொடங்கினேன்.

"நீ சரியாத் தொடலட்டி. நான் எப்படித் தொட்டேன்னு பாரு" என்று, எட்டாத என் கையைக் காட்டி அவளுக்குப் பாடம் நடத்தினேன். ஓராண்டு முழுவதும் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் வலியைப் பொறுத்துக்கொண்டு சிரிப்பாள். "காதென்னட்டி, கன்னத்தையே தொடுதேன், போதுமா?" என்பாள்.

மறு விஜயதசமியில் யாரும் மறுக்க முடியாதபடி தொட்டாள். காது முழுவதும் உள்ளங்கைக்குள் அடங்கிவிட, விரல்கள் கன்னத்தில் கிடந்தன.

"ஏயப்பா, என்னா நீளம்!" என்றார் வாத்தியார். "இவளுக்கு வயசு கூடிப்போச்சேம்மா. சின்னப் பிள்ளைக கூட எப்படி உக்கார வைக்க?"

"ஆலைக்குக் கூட்டிட்டு வா" என்றார் பெரியப்பா, கனிவாகவே. "இந்தக் கை சட்டம் அடுக்கத் தோதான கை."

பேச்சியின் அம்மா அதுவரை சேர்ந்த அரிசியை அளிப்பதற்காகக் கலயத்தைக் கொண்டுவந்திருந்தார். அதைத் திரும்ப எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மகளின் கையைப் பற்றிப் படியிறங்கினார்.

"நன்றி கெட்ட சனம்" என்று பெரியப்பா முணுமுணுத்தார்.

நான் வாசலுக்கு ஓடினேன். எனக்கிருந்த கோபமெல்லாம் பேச்சியின்மீதுதான்.

"இழுத்துவிட்டா இம்புட்டுத் தூரமா நீட்டுவ? காதோட நிறுத்தியிருக்கணும்ல?" என்று கத்தினேன்.

அவள் நின்று, தன் வலக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அடுத்த தடவ பாதிவரைக்கும் நீட்டுதேன்" என்றாள்.

அந்த விடை எனக்கு நிறைவளித்தது. பாதி என்றால் எதுவரை என்று அன்று மாலை முழுவதும் கண்ணாடி முன் நின்று, என் தலையில் கை வைத்து அவளுக்காக அளந்துபார்த்துக்கொண்டிருந்தேன்.