பெங்குவின் வீட்டுக் குளிர்

வில்ஃப்ரீதோவைப் பற்றி பர்ரான்கீயா நகரத்து ரெபோலோ பேட்டையில் யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். நல்லவன், வம்புதும்புக்குப் போகாதவன், குடித்தாலும் பாட்டோடு நிறுத்திக்கொள்பவன். ஆனால் தொட்ட எதையும் முடித்த சரித்திரம் கிடையாது. புறா வளர்க்கிறேன் என்று கூண்டு கட்ட ஆரம்பித்தான். அவன் கூரை போடுவதற்குள் புறாக்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டன. குளியலறைச் சுவருக்குப் பாதிவரை ஓடு பதித்தான். மீதிப் பாதி இன்றும் வெறும் சிமெண்டுதான். வயது நாற்பத்தெட்டு. காலையிலும் நண்பகலிலும் பள்ளிக்கூட வேன் ஓட்டுவான். சாப்பாட்டுக்குப் பிறகு அவன் ராஜா, கேட்பாரில்லை. வினை அங்கேதான் வந்தது.

மனைவி நூபியா வேலைக்காகச் சிலி நாட்டுக்குப் போயிருந்தாள். சாந்தியாகோவில் ஒரு வசதியான வீட்டில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஓர் அம்மாளைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைக்கும் வேலை. அவளுடைய சொந்த அம்மா உபால்தினாவைப் பார்த்துக்கொள்வது இங்கே வில்ஃப்ரீதோவின் பொறுப்பு. உபால்தினாவுக்குக் கால் விழுந்துவிட்டது, இதயமும் பலவீனம். வாய் மட்டும் தெருமுனைவரை கேட்கும். பர்ரான்கீயாவின் புழுக்கம் இந்த இதயத்துக்கு ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், நூபியா தன் முதல் சம்பளத்திலேயே அம்மாவின் அறைக்கு ஏசி வாங்கிப் போடச் சொன்னாள். வில்ஃப்ரீதோவும் போட்டான். அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

பிறகு அவனுடைய தம்பி ஊரைவிட்டுப் போகும்போது தன் பெரிய கம்ப்யூட்டரை இவன் தலையில் கட்டிவிட்டுப் போனான். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. வெறும் நிலம் ஒன்றைக் கொடுப்பார்கள், அதில் மிருகக்காட்சிசாலை கட்டி நடத்த வேண்டும். வில்ஃப்ரீதோ முதலில் கட்டிய புலிக்கூண்டுக்குக் கதவு வைக்க மறந்து, தீனி போடப் போன ஆளையும் உள்ளே வைத்து அடைத்துவிட்டான். அதைத் தெருவில் சொன்னதுதான் தப்பு. மாமரத்தடியில் டோமினோக் கட்டைகளை வைத்து ஆடும் கூட்டம் அன்றிலிருந்து அவனை விடவே இல்லை.

"என்னடா காட்டு ராஜா, புலி சாப்பிட்டாச்சா? யாரைச் சாப்பிட்டுச்சு?" என்பான் எலக்ட்ரீஷியன் அபிமாயேல்.

"உன்னைக் கேட்டுச்சு. எலும்புதான் இருக்கும், கறி இருக்காதுன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

சிரிப்புக்கு ஆரம்பித்த விஷயம் மெல்ல அவனைப் பிடித்துக்கொண்டது. பழைய அட்டைப்பெட்டிகளைப் பிரித்து அவற்றின் மேல் பென்சிலால் படம் போட ஆரம்பித்தான். வாசல் எங்கே, பாதை எங்கே வளைய வேண்டும், பார்க்க வருகிறவர்கள் எந்தத் திருப்பத்தில் முதலில் நீர்ப்பன்றிகளைப் பார்க்க வேண்டும் என்று யோசித்து யோசித்து அழித்தான். வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும்போதுகூட ஒட்டகச்சிவிங்கிக்கு நிழல் போதுமா என்ற கவலைதான். மாமியாரின் சாய்வு நாற்காலியை, அடுத்த அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் தெரியும்படி கதவோரம் இழுத்துப் போட்டு, அவளையும் பார்க்கவைத்தான். அவள் பெங்குவின்களிடம் மனசைக் கொடுத்துவிட்டாள்.

"இது உன் மாமனார் மாதிரியே நடக்குது மாப்ள. கல்யாணத்தன்னிக்கு இப்படித்தான் ஆடி ஆடி வந்தாரு!"

பெங்குவின் வீடு சாதாரண வேலை இல்லை. குளிரூட்டும் மெஷின்கள் வேண்டும், அவற்றை வருகிறவர்கள் கண்ணில் படாமல் பாறைக்குப் பின்னால் மறைக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் கரண்ட் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பறவைக்குச் சூடு ஏறினாலும் அதன் தலைக்கு மேல் சிவப்பு அடையாளம் வந்துவிடும். வில்ஃப்ரீதோ ஒரு சிவப்பைக்கூட விடமாட்டான். தன் வீட்டு ஒயரிங் என்ன லட்சணத்தில் இருக்கிறது என்று ஒரு நாளும் நிமிர்ந்து பார்க்காதவன், அங்கே ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாகக் கேபிள் இழுத்தான்.

வீட்டு ஒயரிங் நூல் மாதிரி. ஏசியும் கம்ப்யூட்டரும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும். சாயங்காலமானால் தெரு முழுக்க வோல்டேஜ் விழுந்து கம்ப்யூட்டர் தானாகவே அணையும். மிச்சமிருப்பது மதியம்தான், ஊரே வெந்துகொண்டிருக்கும் நேரம். முதல் தடவை ஃபியூஸ் போனபோது அவன் பாதி நாள் கட்டியதெல்லாம் அழிந்துபோனது. எரிச்சலோடு மாமியார் அறைக்குள் வந்தான்.

"அத்தை, நீங்க ஏசி போட்டா கரண்ட் போயிடுது. கரண்ட் போனா அங்க குளிர் மெஷின் நின்னுடும். பெங்குவின் எல்லாம் செத்துடும்!"

பாதி விளையாட்டாக, பாதிக் கோபத்தில் வந்த பேச்சு அது. உபால்தினா ஒன்றும் விவரம் தெரியாதவள் இல்லை. அவை மெஷினுக்குள் இருக்கும் பறவைகள் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவை தின்பதையும், சீக்கில் படுப்பதையும், சாவதையும் கண்ணால் பார்த்திருக்கிறாள். கிழட்டு நீர்ப்பன்றி ஒன்று செத்த அன்றைக்கு மருமகன் தேங்காய்ச் சோற்றைத் தொடாமல் எழுந்ததையும் பார்த்திருக்கிறாள்.

"அய்யய்யோ! முதல்லயே சொல்ல வேணாமா? மெஷினுக்குள்ள இருந்தாலும் உசுரு உசுருதானே. இதை அணை, நான் விசிறியில இருந்துக்குறேன்."

அவள் நம்பிவிட்டாள் என்பது அந்த நிமிடமே அவனுக்குத் தெரிந்தது. அப்படியெல்லாம் இல்லை அத்தை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏசியை அணைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். அதற்கப்புறம் மதியமானால் அவளே ஏசியை அணைத்துவிட்டு, பனையோலை விசிறியைக் கையில் எடுத்துக்கொள்வாள்.

அபிமாயேலுக்கு மட்டும் விஷயம் தெரியும். "அரை நாள் வேலைடா. தனியா ஒரு லைன் இழுத்துட்டா உன் பறவையும் குளுகுளுன்னு இருக்கும், உன் மாமியாரும் குளுகுளுன்னு இருப்பாங்க."

"அடுத்த வாரம் வா."

அடுத்த வாரம் வரும்போது பெங்குவின் குளத்துக்குக் கண்ணாடிச் சுவர் வைக்கிற வேலை இருக்கும்.

ஒரு மதியம் நூபியா திடீரென்று வீடியோவில் கூப்பிட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் வில்ஃப்ரீதோவின் கை அப்படியே நின்றது. எட்டிப் பார்த்தான். உபால்தினா, மகள் சிலியிலிருந்து அனுப்பிய கம்பளிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் போனை எடுத்தாள்.

"ஏசி ஓடுதாம்மா?"

"ஓடுதாவா? வெறைச்சுப் போறேன் மகளே. இங்க ஒரு நாள் வந்து இருந்து பாரு, உன் சிலியெல்லாம் பிச்சை வாங்கணும்."

"முகமெல்லாம் ஏன் மினுமினுக்குது?"

"எண்ணெய் தடவியிருக்கேன். வயசானா அழகா இருக்கக் கூடாதுன்னு எந்தப் பாதிரியார் சொன்னாரு?"

போனை வைத்ததும் சால்வையை உதறிவிட்டு, மூச்சு வாங்க வாங்க விசிறிக்கொண்டாள். வில்ஃப்ரீதோ தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஏன் அத்தை பொய் சொன்னீங்க?"

"அவ அங்க அடுத்தவ அம்மாவுக்குக் குண்டி கழுவிக்கிட்டிருக்கா. ராத்திரியாவது நிம்மதியாத் தூங்கட்டும். சரி, அந்தப் பெங்குவின் முட்டை போட்டுச்சே, அது என்னாச்சு?"

நாளையிலிருந்து மதியம் விளையாடுவதில்லை என்று அன்று அவன் சத்தியமாகத்தான் நினைத்தான். ஆனால் மறுநாள் முட்டைக்குச் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு மறுநாளும் ஏதோ இருந்தது. வெட்கம் கெட்ட மனசுக்குக் காரணம் கிடைக்காமலா போகும்!

அக்டோபரில், மழை மூட்டம் போட்டுக்கொண்டு ஒரு இலைகூட ஆடாத ஒரு நாள். காலையிலேயே மாமியாரிடம் சொல்லியிருந்தான், இன்றைக்குக் குஞ்சு பொரிக்கும், பெங்குவின் வீட்டையும் இன்றைக்கே திறக்கப்போகிறேன் என்று. மதியம் வாசலைத் திறந்தான். கூட்டம் பனிப்பாறைக்கு நடுவே வளைந்துபோகிற பாதையில் நிரம்பியது. குஞ்சும் பொரித்தது. பிறந்ததிலிருந்து வில்ஃப்ரீதோ முழுசாக முடித்த முதல் காரியம் அதுதான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அத்தை! பொரிச்சிருச்சு!"

பதில் இல்லை. "தூங்கிட்டீங்களா?" என்று சிரித்தான். அப்போதும் எழுந்து போகவில்லை. குஞ்சு தாயின் காலடியில் ஒண்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். எவ்வளவு நேரம் என்று இன்றுவரை அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

போய்ப் பார்த்தபோது உபால்தினா நாற்காலியில் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தாள். உதடு காய்ந்திருந்தது, உடம்பு கொதித்தது. விசிறி தரையில் விழுந்திருந்தது. ஏசி ரிமோட் அவள் மடியில், விரல்களுக்கு நடுவே இருந்தது. அவன் போட்ட கூச்சலில் அபிமாயேல் ஓடிவந்து, இரண்டு பேருமாகத் தூக்கி டாக்சியில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். வழி முழுக்க அபிமாயேல் ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. அதுதான் வில்ஃப்ரீதோவுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டர் சொன்னார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார். வில்ஃப்ரீதோ வீட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தான். விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் கண் திறந்தாள். கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"மெஷின் ஓடுதா மாப்ள?"

"இல்ல அத்தை. அணைச்சிட்டு வந்தேன்."

"அடப்பாவி! அப்ப அந்தக் குஞ்சு?"

இதற்கும் ஒரு பொய் அவனிடம் தயாராக இருந்தது. பக்கத்து வீட்டில் ஓடவிட்டிருக்கிறேன் என்று சொன்னால் போதும், நம்பிவிடுவாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"ஒண்ணும் ஆகாது அத்தை. அணைச்சா எல்லாம் அப்படியே நின்னுடும். திரும்பப் போட்டா விட்ட இடத்துலேருந்து ஓடும்."

"சூடு?"

"அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எத்தனை நாளு அணைச்சு வெச்சாலும்?"

"எத்தனை வருஷம் வெச்சாலும்."

உபால்தினா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். அந்த வாய் தெருமுனைவரை கேட்கும்படி திட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான்.

"அந்த பட்டனைக் கையிலதான் வெச்சிருந்தேன்," என்றாள் மெதுவாக. "அமுக்கலாம்னு ரெண்டு தடவை தோணுச்சு. இன்னைக்குக் குஞ்சு பொரிக்கும்னு சொன்னியே. அதான் அமுக்கல."

வில்ஃப்ரீதோ வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. வார்டில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். அப்போது தலைமாட்டில் அவள் போன் அடித்தது. திரையில் நூபியா. உபால்தினா அதை எடுத்து, ஒரு கணம் கையில் வைத்திருந்துவிட்டு, அவனிடம் நீட்டினாள்.

"இந்தா. இன்னைக்கு நீயே பேசு."

நூபியா இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, வேலை முடிந்த களைப்போடு சிரித்தாள். "என்ன, நீ எடுக்குற? அம்மா தூங்குறாளா? ஏசி ஓடுதுல்ல?"

"ஓடல நூபியா," என்றான் அவன். "நான் ஓடவிடல."