சின்னவள் செட்டாகிவிட்டாள்

செட் என்பது எட்டாம் வகுப்புக்கு நான் ஆண்டுதோறும் நடத்துகிற சொல். ஆங்கிலத்தில் வினையாகவும் வரும், பெயராகவும் வரும். நேற்றைக்கும் செட், இன்றைக்கும் செட்; காலம் மாறினாலும் உருவம் மாறாத வினைகளில் ஒன்று. கட்-கட்-கட், புட்-புட்-புட், செட்-செட்-செட் என்று பிள்ளைகள் சேர்ந்து சொல்லும்போது கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். அகராதியில் அதற்குப் பக்கம் பக்கமாகப் பொருள் போட்டிருக்கிறது. சூரியன் அடைவதற்கும் அதுதான், எலிக்குப் பொறி வைப்பதற்கும் அதுதான், முறிந்த எலும்பை நேராக்கிப் பொருத்துவதற்கும் அதுதான்.

எங்கள் பிள்ளைகளுக்கு அகராதி தேவையில்லை. உதாரணம் கேட்டால் வகுப்பே கை தூக்கும். கிணற்றில் மோட்டார் செட்டு. கோயில் கொடை விழாவுக்கு ரேடியோ செட்டு. கடையில் ஒரு செட்டு புரோட்டா. "எங்க அண்ணன் செட்டு எல்லாரும் இப்ப திருப்பூர்ல இருக்காவ, மிஸ்." முன் பெஞ்சுக்காரி ஒருத்தி எழுந்து, "மிஸ், எனக்கும் இவளுக்கும் செட்டாகல, இடம் மாத்தி விடுங்க" என்றாள். அது உதாரணமா, புகாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டுக்கும் சேர்த்து உட்காரச் சொன்னேன்.

அவள் சொன்ன பொருள் அகராதிக்காரர்களுக்குத் தெரியாது. நம் ஆட்கள் உண்டாக்கியது. ஆளுக்கும் ஆளுக்கும், ஆளுக்கும் ஊருக்கும் ஒத்துப்போவது. எனக்கும் அந்தச் சொல்லுக்கும் நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. என் மாமியார் என்னைப் பற்றி ஒரு தடவையாவது, யாரிடமாவது, "பெரியவ செட்டாயிட்டா" என்று சொல்லிவிட வேண்டும். கல்யாணமான வருஷத்திலிருந்து அதற்காகக் காதைத் தீட்டி வைத்துக் காத்திருக்கிறேன்.

நான் கோவில்பட்டி டவுனில் பிறந்து வளர்ந்தவள். என்னைக் கொடுத்தது எப்போதும்வென்றான் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், உளுந்தும் மக்காச்சோளமும் விதைக்கிற சம்சாரி வீட்டில். வந்த புதிதில், ஐப்பசி மழை விட்டதும் மாமியார் என்னை நிலம் பார்க்கக் கூட்டிப்போனார். கரிசல் மண் நனைந்தால் கோந்து மாதிரி ஒட்டும். எனக்கு அது தெரியாது. புதுச் செருப்போடு இறங்கினேன். அடியில் மண் அப்பி அப்பி, போகப் போக நான் உயர்ந்துகொண்டே போனேன். கடைசியில் கால் வந்தது, செருப்பு வரவில்லை, நான் உட்கார்ந்துவிட்டேன். மாமியார் என்னைத் தூக்கிவிட்டுவிட்டு, பக்கத்து நிலத்துக்காரியிடம் சொன்னார்: "டவுனு பிள்ளைல்லா. இவளுக்கு இந்த மண்ணு செட்டாகாது."

சேலையில் ஒட்டிய மண் ரெண்டு துவையலில் போய்விட்டது. அந்தப் பேச்சு போகவில்லை.

பிறகு கொழுந்தனுக்குக் கல்யாணம் நடந்தது. சின்னவள் புதியம்புத்தூர்க்காரி, ரெடிமேட் துணி தைக்கிற வீட்டுப் பெண். அவளையும் மாமியார் ஒரு மழை நாளில் நிலம் பார்க்கக் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன்; அவள் விழுவதைப் பார்க்கத்தான் போனேன். அவள் வரப்பிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே, வெறுங்காலோடு இறங்கி நடந்தாள். அவ்வளவுதான் செய்தாள். சாயங்காலம் தெரு முழுக்கச் சேதி போய்விட்டது: "சின்னவ வந்த வாரத்துலயே செட்டாயிட்டா."

எனக்கு எரிந்தது. நாசூக்காகச் சொல்ல ஒன்றுமில்லை, வயிறு எரிந்தது. கணவரிடம், "செருப்பக் கழட்டுனது ஒரு சாமர்த்தியமா?" என்று கேட்டேன். "நீ ஏன் கழட்டல?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அன்றைக்கு அவருக்கு வைத்த ரசத்தில் உப்பு இல்லை.

சின்னவள் மாமியாருக்குச் சட்டை தைத்துக் கொடுத்தாள். மாமியார் அதைப் போட்டுக்கொண்டு கல்யாண வீடு, சடங்கு வீடு எல்லாம் போய் வந்தார். நான் எடுத்துக் கொடுத்த சேலை பீரோவில் மடிப்புக் கலையாமல் இருந்தது. நான் பள்ளிக்கூடம் விட்டு பஸ் பிடித்து வந்து சேரும்போது இருவரும் சுளகில் உளுந்து புடைத்தபடி எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். என்னைக் கண்டதும், "வந்தவளுக்குக் காப்பி போட்டுக் குடு" என்பார் மாமியார், வாசலில் நிற்கிற விருந்தாளிக்குச் சொல்வதைப் போல. காப்பி நன்றாக இருக்கும். அதுவும் எனக்குப் பொறுக்காது.

ஒரு நாள் நானும் வெறுங்காலோடு நடந்து காட்டினேன். கருவேல முள் குதிகாலில் ஏறிவிட்டது. சின்னவள்தான் என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஊக்கால் முள்ளைக் கிளறி எடுத்தாள். "வலிக்குதாக்கா?" என்று ஊதி ஊதி விட்டாள். நல்லவள். அவள் மட்டும் கொஞ்சம் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

போன வருஷம் மாமியாருக்கு மிச்சமிருந்த பற்களும் ஆட ஆரம்பித்தன. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பல் செட்டு வைப்பதென்று முடிவாயிற்று. கோவில்பட்டியில் டாக்டரிடம் கூட்டிப்போனது நான். கூட வாரேன் என்று கிளம்பிய சின்னவளை, "நீ வராத தாயி, வீட்டப் பாத்துக்கோ" என்று மாமியார் நிறுத்திவிட்டார். அலைச்சலுக்கு நான், கொஞ்சலுக்கு அவள் என்று நினைத்துக்கொண்டேன். பஸ்ஸில் வழி நெடுக என்னிடம் புலம்பல்தான். ஈறு ஆறுகிற வரைக்கும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே சின்னவளோடு பேசினார். புதுப்பெண் மாதிரி இது என்ன வெட்கம் என்று அதற்கும் எரிந்தது.

செட்டு மாட்டிக்கொண்டு வந்த அன்று வாசலில் வைத்துச் சின்னவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். இரண்டு வரிசையும் பளீரென்று இருந்தன. "அத்த, பத்து வயசு கொறஞ்சிட்டு!" என்று அவள் கை தட்டினாள். பையைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால் நின்றேன்.

போன மாதம் ஒரு நாள் பள்ளிக்கூடம் மத்தியானத்தோடு விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது சின்னவளின் ஸ்கூட்டியைக் காணோம். பின்வாசலில் வேப்பமர நிழலில் மாமியார் முறுக்கைக் காப்பியில் ஊறப்போட்டுத் தின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர், தண்ணீருக்குள் பல் செட்டு. கன்னம் இரண்டும் உள்ளே போய் அவர் வேறு யாரோபோல இருந்தார். பார்க்கக்கூடாததைப் பார்த்துவிட்டதாகப் பதறி, திரும்பிவிடலாமா என்று நின்றேன். அவர் முந்தானையைத் தேடவில்லை.

"என்னட்டி முழிக்க? இங்கன உக்காரு" என்றார். "இந்தச் செட்டு சேரவே இல்லட்டி. ஈறெல்லாம் புண்ணாக் கெடக்கு. சின்னவ இல்லாத நேரமாப் பாத்துக் கழட்டி வைக்குதேன்."

"அவகிட்டச் சொல்ல வேண்டியதுதான அத்த?"

"அவகிட்டயா? அவ முன்னால பொக்க வாயோட எப்படி இருக்க? என்ன நெனைப்பா?"

"நான் பாக்கேனே?"

ஊறிய முறுக்கை ஈறால் மசித்துக்கொண்டே என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் ஏதோ கிறுக்குத்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி, "ஒங்கிட்ட என்னட்டி?" என்றார்.

அதற்குள் வெளியே ஸ்கூட்டி வந்து நின்றது. மாமியாரின் கை டம்ளருக்குள் போனது. கண்ணை இறுக மூடி, முகத்தைச் சுளித்து, மேல் வரிசையும் கீழ் வரிசையும் மாட்டி, முந்தானையால் வாயைத் துடைத்தார். சின்னவள் எட்டிப் பார்த்தபோது சிரிப்பு தயாராக இருந்தது. அது எத்தனை வலிக்கிறது என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்தும் எரிந்தது. எனக்காக ஒரு நாளும் அப்படி வலிக்க வலிக்கச் சிரித்ததில்லையே.

"வெயிலு மண்டையப் பொளக்கு. ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கிடுதேன்" என்று சின்னவள் அந்த டம்ளரை எடுக்கக் குனிந்தாள்.

மாமியார் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கண்ணால் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. நான் எட்டி டம்ளரைப் பிடுங்கிக்கொண்டேன்.

"இது எனக்கு" என்றேன்.

"ஒரு வாய் குடிச்சிட்டுத் தாரேன்க்கா."

"தர மாட்டேன்."

சின்னவள் திகைத்துப்போய் மாமியாரைப் பார்த்தாள். எப்போதும் அவள் பக்கம் பேசுகிறவர், "அதான் அவளுக்குன்னு சொல்லுதாள்லா. நீ உள்ள போயிப் பானையில மோந்து குடி" என்றார். சின்னவளின் முகம் சுருங்கிப்போனது. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணாடியில் பல தடவை பார்த்திருக்கிறேன்.

"என்னத்த, நான் இல்லாத நேரத்துல ரெண்டு பேரும் ஒரு செட்டாச் சேந்துக்கிட்டீங்களோ?" என்றாள்.

மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கீழ் வரிசை லேசாக நழுவியது. சின்னவள் பானைப் பக்கம் திரும்பியிருந்தாள். நான் மட்டும் பார்த்தேன்.