எங்கள் வீட்டில் டெஸ்பாட்ச் பிரிவு இல்லை

தபால் வந்த அன்றே அதற்கு எண் போட்டு, அவரவர் தபால் கணக்கான தன்பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பதில் சொல்ல நாளாகும் என்றால், நாளாகும் என்பதையாவது எழுதித் தெரிவிக்க வேண்டும். நினைவூட்டு வந்துவிட்டால் அந்தக் கோப்பு மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் மேசைக்கு வர வேண்டும். நான் வேலை பார்த்த அலுவலகத்தின் நடைமுறை இது. ஒரு சிற்றிதழுக்கு இதெல்லாம் பொருந்தாது என்பார்கள். பொருந்த வேண்டும் என்பது என் கருத்து. அறுபத்து நான்கு வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக முழுதாக எழுதி முடித்த ஒரு கதையை அவர்களுக்கு அனுப்பியிருந்தேன். மூன்று மாதமாகியும் ஒரு வரி பதில் இல்லை.

இருபது வயதிலிருந்து கதை எழுதுகிறேன். அதாவது, தொடங்குகிறேன். எங்கள் ஏற்காட்டு வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தொடக்கங்கள் கிடக்கின்றன. ஒரு கதையில் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர் மிளகுக்கொடிக்குக் கீழே நின்று தும்மப் போகிறார். முப்பது வருடமாக அவர் இன்னும் தும்மி முடிக்கவில்லை.

அலுவலகத்தில் நான் வேறு ஆள். எந்த விதி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மேலதிகாரிகளே என்னிடம் கேட்பார்கள். ஓய்வு பெற்றதும் எல்லாம் சரிந்தது. பால் வாங்கப் போய்ச் செய்தித்தாளோடு திரும்பினேன். அடுப்பில் வைத்த வெந்நீர் இரண்டு முறை வற்றிப் பாத்திரம் கருகியது. அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் வந்த மறதி நோய் எனக்கும் வந்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். மனைவியிடம் சொல்லாமல் சேலத்தில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கப் போனேன். கையில் பழைய மருத்துவச் சீட்டுகள், மூன்று நகல்களுடன்.

அந்த அம்மா நகல்களைப் பார்க்கவேயில்லை. நான் பள்ளியில் எப்படி இருந்தேன், பரீட்சைக்கு எப்போது படிப்பேன், பேசுகிறவரை முடிக்க விடுவேனா என்று கேட்டார். கடைசிக் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிட்டேன். இரண்டாம் முறை போனபோது சொன்னார்: “சார், இது மறதி நோய் இல்லை. ஏ.டி.எச்.டி. கவனம் நிலைச்சு நிக்காது. சின்ன வயசிலேர்ந்தே உங்ககூட இருக்கு. ஆபீஸ் இருந்தவரைக்கும் அதோட விதிமுறைதான் உங்களைத் தாங்கிப் பிடிச்சிருக்கு.”

அன்று பஸ்ஸில் மலையேறும்போது வளைவுகளை எண்ண மறந்துவிட்டேன். வழக்கமாக எண்ணுவேன், பன்னிரண்டோடு விட்டுவிடுவேன். மற்றவர்களுக்கு விதி ஒரு வேலி. எனக்கு அது சுவர். அதில் சாய்ந்துதான் இத்தனை வருடம் நின்றிருக்கிறேன். கதைக்கு அப்படி ஒரு சுவர் இருக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே கட்டினேன். கதைகளுக்கு ஒரு தன்பதிவேடு திறந்தேன். ஒரு கதைக்கு ஒரு எண். அது முடியும்வரை அடுத்த எண் கிடையாது. அலுவலகக் குறிப்பு எழுதுவதுபோல ஒவ்வொரு பத்திக்கும் எண் போட்டேன். வெறும் தாளைப் பார்த்தால் ஓடிவிடும் மனம், “4.” என்று எழுதியிருந்தால் ஏதாவது சொல்லக் கடமைப்பட்டதுபோல் உட்கார்ந்துவிடுகிறது. வீட்டில் என்னால் உட்கார முடியாது என்பதால் காலையில் மஞ்சக்குட்டை பஸ்ஸில் ஏறுவேன். போகவும் வரவும் எழுதுவேன். வண்டி நகர்ந்தால் என் கை நகர்கிறது. ஏன் என்று மருத்துவரைக் கேட்டேன். காரணத்தைவிட பஸ் முக்கியம் என்றார்.

ஒரு வாரம் போனதும் கண்டக்டர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“ஏனுங்க சார், தப்பா நெனைக்காதீங்க. நீங்க செக்கிங்குங்களா?”

“இல்லைப்பா. ஏன்?”

“மஞ்சக்குட்டையில எறங்கறீங்க, டீ கூடக் குடிக்காம அடுத்த ட்ரிப்புல ஏறிக்கறீங்க. வழியெல்லாம் எழுதிக்கிட்டே வர்றீங்க. டிரைவர் நொம்ப பயப்படறாருங்க. ஒரு வாரமா ஓவர்டேக்கே பண்றதில்லை.”

“கதை எழுதறேன்.”

“கதையா!” என்று நிமிர்ந்தவர், முன்பக்கம் பார்த்துக் கத்தினார்: “அண்ணே, கதைதானாம்! நீங்க பாட்டுக்குப் போங்க!”

அந்த பஸ்ஸில்தான் கதை முடிந்தது. இரண்டு கிராமங்களின் எல்லையில், எந்தக் கணக்கிலும் ஏறாமல் நிற்கும் ஒரு ஆரஞ்சு மரத்தைப் பற்றியது, நாற்பத்தொரு பத்திகள். சுத்தப்பிரதி எடுத்து, “பொருள்”, “பார்வை” எல்லாம் போட்டு ஒரு முகப்புக் கடிதமும் எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு காத்திருந்தேன். மாதத்துக்கு ஒன்றாக மூன்று நினைவூட்டுகளை அஞ்சலட்டையில் எழுதினேன். பஸ்ஸிலேயே எழுதி, இறங்கிய இடத்திலேயே தபால்பெட்டியில் போட்டேன். மூன்றாவதில் “இதுவே இறுதி நினைவூட்டு” என்று அடிக்கோடிட்டிருந்தேன்.

அதற்கு அடுத்த வாரம் ரேஷன் கார்டைத் தேடிய மனைவி, என் மேசை மேலிருந்த மரத்தட்டில் மற்ற காகிதங்களுக்கு அடியில் கிடந்த ஒரு தடித்த உறையோடு வந்தாள். முகவரி எழுதி, ஒட்டி, தபால்தலை இல்லாமல்.

“ஏனுங்க, இது போகலீங்களா?”

சர்வீஸ் முழுக்க நான் செய்ததைத்தான் செய்திருந்தேன். கையெழுத்திட்டுத் தட்டில் வைத்தால் கடிதம் போய்விடும். டெஸ்பாட்ச் கிளார்க் வந்து எடுப்பார், எண் போடுவார், அனுப்புவார். அதிகாரி தபாலாபீசுக்குப் போவதில்லை.

“நம்மூட்டுல டெஸ்பாட்ச் யாருங்க? நானுங்களா? சொல்லியிருந்தா ஒரு சீல் வாங்கி வச்சிருப்பனே.”

சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவும் இப்படித்தான் கட்டிய வேட்டியைத் தேடினார். மருத்துவர் தவறாகச் சொல்லியிருந்தால்? முடித்த ஒரே கதையையும் தொலைக்கும் மூளையை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? இதைச் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. அவள் உறையால் என் தோளில் தட்டினாள்.

“கல்யாணத்தன்னைக்கு மோதரத்தை சோப்பு டப்பாவுல வச்சுட்டு மண்டபமே தேடுனமே, மறந்துட்டீங்களா? அப்பத்துலேர்ந்து இப்படித்தானுங்க. புதுசா ஒண்ணும் வந்துரலை. சட்டையப் போடுங்க, தபாலாபீசு போலாம்.”

முப்பத்தேழு வருடமாக மருத்துவச் சான்று என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. நான்தான் கேட்கவில்லை.

பதிவுத் தபாலில் அனுப்பினோம். கூடவே ஒரு பக்கம் உண்மையை எழுதினேன். கதை இத்தனை நாள் என் மேசையிலேயே இருந்தது. எனக்கு ஏ.டி.எச்.டி. போனில் திருத்தம் சொன்னால் வைத்தவுடன் போய்விடும், ஆகவே எழுத்தில் சொல்லுங்கள், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். இப்படிக் கேட்பதற்கு எந்த விதியும் எனக்குத் தெரியவில்லை. சலுகை கேட்ட பழக்கமும் கிடையாது. தபால்தலை ஒட்டும்போது உறை ஈரமாகி வளைந்தது.

இரண்டு மாதம் ஆனது. நினைவூட்டு எழுதவில்லை.

வந்த உறையில் ஒரே தாள். ஆசிரியர் கையால் எழுதியிருந்தார். மூன்று அஞ்சலட்டைகளையும் வைத்துக்கொண்டு வராத கதையைத் தேடி அலமாரிகளைக் கவிழ்த்ததாகவும், ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுக்கொண்டதாகவும் சொல்லியிருந்தார். கதை அடுத்த இதழில் வருகிறது. “திருத்தம் ஒன்று: பத்தி எண்களை எடுத்துவிடலாமா? இதற்கு மட்டும் பதில் எழுதுங்கள். அது வந்த பிறகு திருத்தம் இரண்டு. தாமதமானால் நினைவூட்டு அனுப்பப்படும்.”

இரண்டு முறை படித்துவிட்டு மனைவியிடம் கொடுத்தேன். அவள் படித்துக்கொண்டிருக்கும்போதே “எடுத்துவிடலாம்” என்று அஞ்சலட்டையில் எழுதி, தட்டில் வைக்காமல், செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்ப் பெட்டியில் போட்டேன். திரும்பி வந்து தன்பதிவேட்டைத் திறந்தேன். முதல் எண்ணுக்கு நேராக, “பதில் வரப்பெற்ற நாள்” என்ற கட்டம் காலியாக இருந்தது. எழுதினேன்:

மாசி பதினொன்று, செவ்வாய்க்கிழமை.