யாருக்கு முதலில் காய்ச்சல்

மியூகிங்குக்கு ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் வேலை. ஹாங்காங்கின் குவுன் டோங் பக்கம், அரசுக் குடியிருப்பில் பதினேழாவது மாடியில் ஒற்றை அறை வீடு. அவள், டாக்சி ஓட்டும் கணவன் கின்ஃபாய், ஒன்பது வயது மகள் லொக்யீ, மாமியார் என்று நான்கு பேர். ஒருவர் புரண்டு படுத்தால் மற்ற மூவருக்கும் தூக்கம் கலையும்.

2003 மார்ச்சில் சார்ஸ் என்ற தொற்றுநோய் பரவியபோது அவள் வார்டுக்கும் நோயாளிகள் வந்தார்கள். அன்றிலிருந்து வாசலிலேயே செருப்பை விடுவாள். துணியை வெந்நீரில் ஊறப்போட்டுக் குளித்த பிறகுதான் மகளைத் தொடுவாள். மாமியார் அப்போதும் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

ஆனால் காய்ச்சல் முதலில் வந்தது கின்ஃபாய்க்கு. காலையில் மாமியார் பூங்காவுக்கு உடற்பயிற்சிக்குப் போயிருந்த நேரம், மியூகிங் அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"கொதிக்குது. இன்னிக்கு வண்டி எடுக்காதீங்க."

"ஏசி காத்து ஒத்துக்கல. மாத்திரை போட்டா சரியாப் போயிடும்."

"எங்க வார்டுக்கு வந்தவங்களும் இதேதான் சொன்னாங்க."

"உன் வார்டை வீட்டுக்குள்ள இழுத்துட்டு வராத. அடுத்த பிளாக்குல ஒருத்தனை அள்ளிட்டுப் போனாங்களே, பாத்தேல்ல? மாடி மொத்தமும் கதவிடுக்குல நின்னு வேடிக்கை பாத்துச்சு. என்னையும் அப்படிப் பாக்கணுமா? அம்மாகிட்ட மூச்சு விடாத."

வார்டு நர்சுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். கையில் போனை எடுக்கவும் செய்தாள். பிறகு வைத்துவிட்டாள். மூன்று நாள் அவன் மாத்திரையை விழுங்கிவிட்டு, முகமூடிக்குள் இருமிக்கொண்டே சவாரி போனான். நான்காம் நாள் அவளுக்கும் உடம்பு தீயாய்ச் சுட்டது. இருவரையும் ஒரே ஆம்புலன்சில் ஏற்றினார்கள். கதவிடுக்குகள் எல்லாம் திறந்திருந்தன. ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவள் வீட்டுக்கு நோய் வேறு எப்படி வரும்? யாருக்கு முதலில் வந்தது என்று அக்கம்பக்கத்தில் யாரும் கேட்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் அவன் ஆறாவது மாடி, அவள் எட்டாவது மாடி. தினமும் போன் செய்வான்.

"சாப்பிட்டியா?"

"கஞ்சி. நீங்க?"

"அதேதான். தண்ணி மாதிரி இருக்கு. வெளிய வந்ததும் வாத்துக்கறி வாங்கிக் குடுக்கிறேன்."

அதற்கு மேல் பேச இருவருக்கும் மூச்சு இல்லை. ஈரத்துணியை முகத்தில் போட்டு அழுத்தியது போலிருந்தது அவளுக்கு. இழுக்க இழுக்கக் காற்று உள்ளே போகவில்லை.

அந்த நிலையில்தான் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் போனில் விசாரித்தாள். "உங்க ரெண்டு பேர்ல யாருக்கு முதல்ல காய்ச்சல் வந்துச்சு?"

அவன் வண்டியில் ஏறி இறங்கியவர்களை நினைத்தாள் மியூகிங். "அவருக்கு. இருபத்தி நாலாம் தேதி காலையில." அதைச் சொல்லி முடிக்க நான்கு முறை நிறுத்த வேண்டியிருந்தது.

மறுநாள் தொண்டையில் குழாய் இறக்கினார்கள். பதினாறு நாள் கழித்துக் கண் விழித்தபோது முதலில் போனைத் தேடினாள். நர்சின் முகத்தில் கண்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அந்தக் கண்கள் அவளைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டன. கின்ஃபாயை எரித்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. மூடி ஒட்டிய சவப்பெட்டி. கூட வர ஆள் இல்லை. அவன் தாயும் மகளும் அப்போது தனிமைப்படுத்தும் முகாமில் இருந்தார்கள்.

மே மாதம் அவள் வீடு திரும்பும் நாளில் நர்சுகள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். வீட்டில் அவளுடைய கிண்ணத்தையும் சாப்பிடும் குச்சிகளையும் தனித் தட்டில் ஒதுக்கி வைத்திருந்தாள் மாமியார்.

"வந்துட்டியா? அவனை எங்க விட்டுட்டு வந்த?"

மியூகிங் பதில் சொல்லவில்லை. அவன் காய்ச்சலோடு வண்டி ஓட்டினான் என்று சொன்னால் கிழவிக்கு மகன் இரண்டாம் முறை சாவான். இது ஒரு காரணம். இன்னொன்று, தெரிந்தும் அவனைப் போகவிட்டவள் தான் என்பது.

அடுத்த வருடமே இடுப்பில் வலி தொடங்கியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் இரண்டு தொடை எலும்புகளின் தலையும் செத்துப்போயிருந்தன. உயிரைக் காப்பாற்றிய ஸ்டீராய்டு மருந்து எலும்பைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். தரை துடைக்கும் வேலை போனது. கைத்தடி வந்தது.

"எலும்புக்காவது நியாயம் தெரியுது" என்றாள் மாமியார்.

கின்ஃபாய் செத்து எட்டு வருடம் ஓடியது. இடுப்பு மாற்றும் அறுவைக்குப் படிவம் நிரப்ப உட்கார்ந்தாள் லொக்யீ. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. பழைய மருத்துவக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டு வந்தவள் ஒரு வரியில் நின்றாள். மறுபடி படித்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு உனக்கு மூணு நாள் முன்னாடியே காய்ச்சலா?"

"அதை மூடி வை."

"எட்டு வருஷமா பாட்டி உன்னைக் கொலைகாரி மாதிரி பாக்குறாங்க. நீ வாயே திறக்கல?"

மியூகிங் கையை நீட்டித் தடுப்பதற்குள் பாட்டியின் மடியில் தாள் விழுந்தது. கிழவிக்குப் படிக்கத் தெரியாது. பேத்தி உரக்கப் படித்தாள், இரண்டு முறை.

"பொய்" என்றாள் கிழவி. பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அன்றும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தண்ணீரையும் தள்ளிவிட்டாள். எண்பது வயது உடம்பு. மியூகிங் ஊன்றுகோலோடு கட்டிலருகே போய், கருவாடு போட்ட கஞ்சியை வைத்துவிட்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"அத்தை, அந்தத் தாள்ல தப்பா எழுதியிருக்காங்க. எனக்குத்தான் முதல்ல காய்ச்சல். வேலை போயிடும்னு மறைச்சேன். நான்தான் அவருக்குக் குடுத்தேன்."

கிழவி சுவரைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பினாள்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றாள். கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். பல்லில்லாத வாயால் மொத்தக் கஞ்சியையும் குடித்தாள்.

சமையல் மேடையருகே நின்ற லொக்யீ எல்லாவற்றையும் கேட்டாள். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனாள். பாட்டி இன்னும் இரண்டு வருடம் இருந்தாள், அதே ஏச்சோடு. அவள் காரியம் முடிந்த அன்று லொக்யீ கேட்டாள்.

"இப்பவாவது ஊருக்கு உண்மையைச் சொல்லுவியா?"

"கேட்க வேண்டியவங்க ரெண்டு பேரும் போயிட்டாங்களே."

"நான் இருக்கேன்ல?"

அடுத்த மாதமே மகள் தனியாக வீடு பார்த்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள், மருந்து வாங்கி வைப்பாள், அப்பாவைப் பற்றிப் பேசமாட்டாள்.

சார்ஸ் வந்து பத்தாம் வருடம், பதினைந்தாம் வருடம் என்று நிருபர்கள் வருவதுண்டு. நோய் எப்படி வந்தது என்று கேட்பார்கள். ஆஸ்பத்திரியில் தரை துடைத்தேன் என்பாள் மியூகிங். அவர்கள் தலையாட்டி எழுதிக்கொள்வார்கள். மேற்கொண்டு ஒருவரும் கேட்டதில்லை.