ஞாயிற்றுக்கிழமை காட்டிய பூஜ்யம்

அன்று ஞாயிறு, காலை 10.20 என்று என் குறிப்பேட்டில் இருக்கிறது. குளச்சலில் ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்கும் அறை. விடியலில் மின்சாரம் போய் அணைந்த இரண்டு சர்வர்களும் மீண்டும் எழுந்திருந்தன. ஒன்று விழுந்தால் மற்றது வேலையை எடுத்துக்கொள்ளும் கிளஸ்டர் அது. படகுகளுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்பும் சர்வீஸ், இரண்டிலும் ‘ரன்னிங்’ என்றது. சர்வர்களைச் சரிபார்க்க வந்த நான், நாகர்கோவில் திரும்பப் பையை எடுத்தேன்.

திரையில் ‘கடலில் உள்ள படகுகள்: 0’. எனக்கோ, அறையைக் கவனிக்கும் ஜெசிக்கோ அது உறுத்தவில்லை. ஞாயிறு இந்தக் கரையில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை.

தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த, மீனவர் வீட்டு மேரி வாசலில் நின்று ஜெசியிடம் கேட்டார்.

“மத்தியானம் காத்து இருக்காம். எங்க வீட்டு ஆளுக்குச் சேதி போட்டியா மக்கா?”

“ஞாயித்துக்கெழமை ஆரு கடல்ல கெடக்கா அக்கா?” ஜெசி சிரித்தாள்.

“அவிய போயி பன்னெண்டு நாளாச்சு. ஞாயித்துக்கெழமைன்னா பறந்தா வருவாவ?”

பையை வைத்துவிட்டுப் பதிவைத் திறந்தேன். ஒன்பது மணிக்கு வந்த எச்சரிக்கையை சர்வீஸ் ஒருவருக்கும் அனுப்பாமலே ‘முடிந்தது’ என்று பதிந்திருந்தது.

படகுப் பட்டியல் இருப்பது இரு சர்வர்களுக்கும் பொதுவான டிஸ்கில். கிளஸ்டர் முதலில் அந்த டிஸ்கை ஒரு சர்வரில் இணைக்க வேண்டும். பிறகு அங்கே மட்டும் சர்வீஸைத் தொடங்க வேண்டும். இங்கோ சர்வர் பூட் ஆனதுமே சர்வீஸ் தானாக எழுந்து, டிஸ்க் இல்லாத வெறும் ஃபோல்டரில் புதிதாக ஒரு காலிப் பட்டியலை உண்டாக்கிக்கொண்டது. இரண்டு பக்கமும் அது ஓடுவதைக் கண்ட கிளஸ்டர், டிஸ்கை இணைக்காமல் நின்றுவிட்டது.

பூட் ஆனதும் சர்வீஸ் தானாகத் தொடங்கும்படி வைத்தது யார் என்று பதிவில் தேடினேன். வியாழக்கிழமை, மாலை 4.10. என் பெயர். அப்டேட் முடிந்ததும், பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இரண்டிலும் நானே எனேபிள் செய்திருந்தேன். 

“என்ன சார்?” என்றாள் ஜெசி.

“நான் செஞ்சதுதான்.”

இரண்டிலும் சர்வீஸை நிறுத்தி, அந்த அமைப்பை நீக்கி, பொறுப்பைக் கிளஸ்டரிடமே விட்டேன். டிஸ்க் இணைந்தது. பூஜ்யம் பதினொன்றானது. 10.52க்கு எச்சரிக்கை போனது. பதில்கள் ஒவ்வொன்றாக வந்தன. மேரியின் கணவர் படகு பத்தாவதாக, 11.35க்கு: ‘கரைக்குத் திரும்புகிறோம்.’ பதினொன்றாவது பதில் வரும்வரை மேரியும் வீட்டுக்குப் போகவில்லை.

“மெஷின் ஒண்ணுமில்லன்னா நம்பிருவியளா? எங்ககிட்ட ஒரு வாக்கு கேட்டா சொல்ல மாட்டோமா?” என்றார் போகும்போது.

இப்போதெல்லாம் ரீபூட்டுக்குப் பிறகு ‘ரன்னிங்’ என்பதை நான் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் கரையில் ஒருவரிடம் கேட்கிறேன்: கடலில் யார் இருக்கிறார்கள்?