முந்திரி போடாத பாயசம்

ராஜகுமாரி மேடம் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் செந்துறை பஸ்ஸில் இருந்தேன். போனில் அவருடைய தம்பி. "என்ன சாப்பிட்டாங்க?" என்றுதான் முதலில் கேட்டேன். "ஒண்ணும் சாப்பிடலைங்க, நெஞ்சுவலி" என்றார். அரியலூரில் அவரோடு பழகியிருந்தால் நீங்களும் இதைத்தான் கேட்டிருப்பீர்கள்.

அவருக்கு முந்திரி ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் தொண்டை வீங்கி மூச்சு முட்டும். வேலையோ உணவு ஆய்வாளர். ஊரோ, பாயசத்தில் முந்திரி குறைந்தால் சம்பந்தி முகம் திருப்பிக்கொள்ளும் ஊர். ஒரு கல்யாணத்தில் சமையல்காரர் தங்கராசு, "உங்களுக்காகப் பொறுக்கி எடுத்துட்டேங்க மேடம்" என்று பெருமையாகக் கிண்ணத்தை நீட்டினார். "எடுத்த முந்திரி என்னை விட்டுடும். அது குளிச்ச பாயசம் விடாதுங்க" என்றார் மேடம்.

அவர் ஓய்வு பெற்றபோது தெருக்காரர்கள் வைத்த பாராட்டு விழாவுக்கு அன்பளிப்பு வாங்கும் பொறுப்பைப் பக்கத்து வீட்டுக்காரனான என் தலையில் கட்டினார்கள். உள்ளூர்ச் சரக்கில் குறை கண்டுபிடிப்பார் என்று பயந்து, சிங்கப்பூர் மச்சானை நச்சரித்து, இன்டர்நெட்டில் ஒரு பிஸ்கட் டப்பா வரவழைத்தேன். டப்பா முழுக்கச் சீன எழுத்து.

மேடம் அதை நாலு பக்கமும் திருப்பினார். "உள்ள என்ன இருக்குன்னு எங்க போட்டிருக்கு?"

"படம் இருக்கே மேடம். பூவும் மானும்."

"அப்ப உள்ள மான்கறியா?"

கூட்டம் சிரித்தது. ரிட்டயர் ஆகியும் அதிகாரம் போகவில்லை என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தேன். மேடத்துக்குக் காது கூர்மை.

"இது கடையில இருந்தா, சேர்மானம் இங்கிலீஷ்லயோ இந்தியிலயோ எங்க, வெளிநாட்டுல இருந்து கொண்டாந்தவன் விலாசம் எங்கன்னு கேப்பேன். தபால்ல வூட்டுக்கே வந்தா யாரைக் கேக்கறது? உங்களையா, உங்க மச்சானையா?"

வீம்புக்கு டப்பாவின் பின்பக்கத்தை ஸ்கேன் எடுத்து மச்சானுக்கு அனுப்பினேன். உடன் வேலை செய்யும் சீனரிடம் கேட்டு அவன் பதில் போட்டான்: மைதா, சர்க்கரை, வெண்ணெய், முந்திரிப் பொடி. எங்கள் பக்கத்து முந்திரியே கப்பலேறி, வேஷம் மாறித் திரும்பி வந்ததோ என்னவோ.

சொன்னபோது மேடம் ஜெயித்தவர் மாதிரி சிரிக்கவில்லை. "எனக்குக் கேக்கத் தெரியும். கேக்கத் தெரியாத புள்ள கையில கிடைச்சா?" என்று டப்பாவை என்னிடமே திருப்பித் தந்தார்.

மேடத்தின் பதினாறாம் நாள் காரியத்துக்கும் தங்கராசுதான் சமையல். பாயசத்தில் முந்திரி இல்லை. "அவங்கதான் இல்லியே, போட்டா என்னப்பா?" என்று ஒரு பெரியவர் முனகினார்.

"வந்தவங்கள்ல யாருக்கு ஆகாதுன்னு எனக்கு என்னங்க தெரியும்?" என்றார் தங்கராசு.

அந்த டப்பா பிரிக்காமல் என் அலமாரியில் இருக்கிறது. சேர்மானத்தைத் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். கீழே, கொண்டுவந்தவர் என்று போட்டு, என் பெயரும் விலாசமும்.